பால் அறை வாசிப்பு

தொட்டியின் மூடியைத் தூக்கியதும் ஓரின் ஸ்கார் முதலில் மூக்கைத்தான் உள்ளே விடுவார். பால் கெட்டிருந்தால் அந்த மூக்குக்குத் தெரிந்துவிடும். யார் வீட்டுப் பால் என்றெல்லாம் பார்க்க மாட்டார். மணம் சரியாக இருந்தால் குளிர்ச்சியைப் பார்த்து, அளவுகோலை இறக்கி, கலக்கியை ஓடவிடுவார். மேலே நிற்கும் கொழுப்பு அடிப்பாலோடு சேர்ந்தால்தான் பரிசோதனைக்கு எடுக்க முடியும். அதுவரை அவருக்கு வேலை இல்லை. கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து சின்னச் சுவிசேஷப் புத்தகத்தை எடுப்பார்.

"எங்க விட்டோம், மார்கிட்? அந்தப் படகுலதானே?" என்று என்னிடம் கேட்பார்.

போன இலையுதிர்காலம் வரை எல்லார் பால் அறையிலும் இதுதான் நடந்தது.

மேற்கு விஸ்கான்சினில் எங்கள் மேட்டுப் பக்கத்துத் தொழுவங்களுக்கெல்லாம் அவர் ஓட்டுவதுதான் பால் லாரி. அறுபதை எட்டப் போகிறார். பனிக்காலத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தொப்பி. பசுக்கள் அவருக்கு 'அம்மணி'கள். காப்பி வேண்டாம் என்று மறுத்துவிட்டு இரண்டு கோப்பை குடிப்பார். பாட்டு வராது, ஆனாலும் கோவிலில் அவர் குரல்தான் எல்லாருக்கும் முன்னால் ஓடும். பேச்சு எங்காவது முட்டிக்கொண்டால், "சரி, அது கெடக்கட்டும்" என்று ஒதுக்கிவிடுவார்.

இந்த வேதப் பித்து பிறவியில் வந்ததல்ல. எங்கள் லுத்தரன் கோவில் வாசலில் நின்று வருகிறவர்களுக்குக் கைகொடுப்பது அவர் பொறுப்பு. கைகள் வருஷா வருஷம் குறைந்தன. மூன்று கோவிலுக்கு ஒரே பாஸ்டர் என்றாயிற்று. அந்தப் பாஸ்டர் அம்மாள் சோல்வெய்க், ஒரு ஞாயிறு கீழ்த்தளத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த எங்களிடம் கேட்டார்:

"பிள்ளைங்க ஏன் கோவிலுக்கு வரதில்லைன்னு அப்புறம் பேசலாம். முதல்ல நம்மளைப் பத்திப் பேசுவோம். இயேசு உயிர்த்தெழுந்து, கல்லறை நிஜமாவே காலியா இருந்துச்சுன்னு இங்க யாரெல்லாம் நம்பறீங்க?"

"அது ஒரு அழகான கருத்துங்க" என்றார் ஒருவர். இன்னொரு அம்மாள் கேக் நறுக்குகிற சாக்கில் எழுந்துகொண்டாள். ஓரின் இன்னொரு கோப்பை காப்பி ஊற்றிக்கொண்டார்.

வீட்டுக்குப் போய் மனைவி பெவர்லியிடம் சொன்னாராம்: "இத்தனை வருஷமா வாசல்ல நின்னு எல்லாரையும் உள்ள அனுப்பிட்டிருக்கேன். உள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியலடி."

"அப்ப நீயும் உள்ள போய்ப் பாரேன்" என்றாளாம் பெவர்லி, பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே.

அப்படி லாரியில் தனியாக வாசிக்கத் தொடங்கியவர், பால் கலங்கும் நேரத்தில் எங்களுக்கும் வாசிக்கலானார். புரியாத இடத்தில் புரியவில்லை என்பார். அதனாலேயே எங்களுக்குக் கேட்கப் பிடித்தது.

ஹால்வர் லீனுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை, அல்லது பிடிக்காத மாதிரி இருந்தார். எழுபத்தைந்து தாண்டிய மனிதர். மனைவி இங்கா நோயில் கிடந்து இறந்தபோது, எல்லாம் கடவுள் சித்தம் என்று கோவில்காரர்கள் சொன்ன நாளோடு கோவிலை விட்டவர்.

"சித்தமாம். அவ வலியில துடிச்சப்ப இவனுங்க யாராவது வந்து பக்கத்துல உக்காந்தானுங்களா?"

"நானும்தான் வரல, ஹால்வர். தப்புதான்" என்றார் ஓரின். அதற்குமேல் வாதாடவில்லை. வலிப்பு வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இயேசுவிடம் வந்த தகப்பனின் கதையை மட்டும் வாசித்தார். பாதி நம்புகிறேன், மீதிக்கு நீரே உதவும் என்று கெஞ்சிய தகப்பன்.

ஹால்வர் தரையைக் கழுவுவதை நிறுத்தினார். "பாதிதான் நம்பறேன்னு சொல்றான். அவனைத் தொரத்தலையா?"

"தொரத்தல."

"திரும்பப் படி."

இதற்கிடையில் ரோவெனா கோப், பால் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டாள். ஹால்வரின் தொழுவத்துக்கு எதிர்ப்பக்கம் அவள் தொழுவம், ஆள் தனி. விவாகரத்தான தன் அம்மாவை அந்தக் காலத்தில் நற்கருணை அப்பம் வாங்க வரவேண்டாம் என்று ஒரு கோவில் நிறுத்திவைத்ததை அவள் மறக்கவில்லை. "பாலெடுக்க வந்தவன் பாலை எடுத்துட்டுப் போகட்டும்" என்றாள். மேலாளர் ஓரினைக் கூப்பிட்டு, வேலை நேரத்தில் வேதம் பேசினால் வேலை இருக்காது என்று சொல்லிவிட்டார்.

மறுமுறை ரோவெனாவின் பால் அறையில் ஓரின் இரண்டு தொப்பியையும் கழற்றினார். "உங்களைக் கேக்காமலே ஆரம்பிச்சுட்டேன். நீங்க சும்மா இருந்தீங்க, சரின்னு நெனச்சுக்கிட்டேன். மன்னிச்சுக்கங்க."

அவள் சண்டைக்குத் தயாராக நின்றிருந்தாள். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பால் நல்லா குளிர்ந்திருக்கு."

அதன்பிறகு ஓரின் யார் வீட்டிலும் புத்தகத்தை எடுக்கவில்லை. வாளியில் உட்காருவார், கையுறையைப் பார்ப்பார். எங்கள் வீட்டில் என் கணவர் நில்ஸ்கூட, "மனுசன் வந்துட்டுப் போன மாதிரியே இல்லையே" என்றார். உள்ளுக்குள் ஓரின் நொந்துபோயிருந்தார். வேதம் சொல்கிற வேலை தன்னோடு முடிந்தது என்று பெவர்லியிடம் சொல்லியிருக்கிறார்.

ஹால்வர்தான் அதை உடைத்தார். ஒரு நாள் கலக்கி ஓடத் தொடங்கியதும், மாட்டு மருந்து அலமாரியிலிருந்து இங்காவின் வேதப் புத்தகத்தை எடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டினார்.

"வேணாம், ஹால்வர். என் வேலை போயிடும்."

"யோவ், உன்னைத்தானே பேசக் கூடாதுன்னான்? இது என் பால் அறை. என் வாய். நீ சும்மா உக்காரு."

தட்டுத் தடுமாறி வாசித்தார். உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்க்க அவருடைய சீஷர்கள் மலைக்குப் போன இடம். அவர்களில் சிலருக்கு அப்போதும் சந்தேகம் என்று வந்ததும் விரலை வைத்து நிறுத்தினார்.

"ஏம்ப்பா, நேர்ல பாத்தும் சந்தேகமா?"

ஓரின் தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்புறம் என்ன, சந்தேகப்பட்டவனை வீட்டுக்கு அனுப்பிட்டாரா?" அடுத்த வரியை ஹால்வரே வாசித்தார். எல்லாரையும் சேர்த்துத்தான் இயேசு, போய் மற்றவர்களையும் சீஷராக்குங்கள் என்று அனுப்பியிருந்தார். ஹால்வர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப என்னையும் சேத்துத்தான்" என்றார்.

இதை ஓரின்தான் எனக்குச் சொன்னார். "நான் பேசினப்ப அவரு கேட்டாரு. நான் வாயை மூடினப்புறம்தான் அவரு நடக்க ஆரம்பிச்சாரு. எனக்கு ரொம்ப நன்றியா இருக்கு, மார்கிட். யாருக்குச் சொல்றதுன்னும் இப்ப தெரியும்."

கோவிலில் கூட்டம் ஒன்றும் பெருகிவிடவில்லை. கூரை இன்னும் ஒழுகுகிறது. நகரத்திலிருக்கும் என் மகன் ஈஸ்டருக்கும் வரவில்லை. ஆனால் இப்போது கீழ்த்தளத்தில் பாஸ்டர் அம்மாள் ஏதாவது கேட்டால், நம்புகிறவர் நம்புகிறேன் என்கிறார், முடியாதவர் முடியவில்லை என்கிறார். யாரும் கேக் நறுக்கப் போவதில்லை. சாப்பாட்டு மேசையில் நில்ஸ் வாசிக்க நான் கேட்கிறேன்.

போன மார்ச்சில் என் கார் மக்கர் பண்ணியதால் ஓரினின் லாரியில் டவுனுக்குப் போனேன். வழியில் ரோவெனாவின் தொழுவத்தில் பால் எடுக்க வேண்டியிருந்தது. பனியில் வழுக்கி விழுந்து அவளுக்குக் கை முறிந்திருந்தது. காலையும் மாலையும் ஹால்வர்தான் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து அவள் மாடுகளைக் கறந்துகொண்டிருந்தார்.

ஓரின் எஞ்சினை அணைத்தார். லாரி நின்ற இடத்திலிருந்து பால் அறை ஜன்னல் தெரிந்தது. கறவை முடிந்து, ஹால்வர் முக்காலியில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்திருந்தார். ரோவெனா மாவுக்கட்டுக் கையோடு சுவரில் சாய்ந்திருந்தாள். பால் அறைக் கதவு இடுக்கு வழியாக அவள் குரல் கேட்டது.

"நில்லுங்க. எங்கம்மாவைத் தள்ளி வெச்சாங்களே, அவங்களும் இதே புத்தகத்தைத்தான் கையில வெச்சிருந்தாங்க."

"ஆமா. அவங்க செஞ்சது அநியாயம்."

அவள் சாய்ந்திருந்த சுவரிலிருந்து நிமிர்ந்தாள். "சரி, மேல படிங்க. கெணத்தடியில நின்னாளே, அஞ்சு புருசனைக் கட்டினவ, அந்தப் பொம்பளைக்கு இயேசு என்ன பதில் சொன்னாரு?"

இன்னும் நாலு வீட்டுப் பால் எடுக்க வேண்டியிருந்தது, ஏற்கெனவே தாமதம். இறங்கப் போன ஓரின், லாரிக் கதவுப் பிடியில் வைத்த கையை எடுத்தார். சாவியை உருவி, சத்தம் வராமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.