லோரிக்கார முகுந்தனின் கழுத்து

எனக்குப் படிப்பு குறைவு. காப்பார் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். ஆனால் இன்றைக்குக் கிள்ளானில் போய் லோரி குருசாமி எங்கே இருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். வழி மட்டுமல்ல, நான் எந்தக் கடையில் தேநீர் குடிப்பேன், எத்தனை கரண்டி சீனி போடுவேன் என்பது வரைக்கும் சொல்வார்கள். லோரியில் அட்டெண்டனாக மூட்டை ஏற்றி இறக்கிய ஆள் நான். இன்றைக்கு என் பெயர் எழுதிய லோரிகள் துறைமுகத்துக்கும் கோலாலம்பூருக்கும் ஓடுகின்றன. யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை, நானே ஏறினேன். என்னைப் பற்றி எழுதினால் ஒரு புத்தகம் போதாது. இருந்தாலும் இங்கே எழுதப்போவது என்னிடம் லோரி ஓட்டும் முகுந்தனைப் பற்றி.

முகுந்தன் கேரித் தீவில் பிறந்தவன். அப்பா எண்ணெய்த் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். என்னிடம் வேலைக்கு வந்தபோது கல்யாணம்கூட ஆகவில்லை. இப்போது அவன் மகள் சுபாங் ஜெயாவில் பெரிய ஆபீசில் வேலை பார்க்கிறாள். அதிகம் பேச மாட்டான். லோரி ஓட்டப் போகிறவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வருவான். மற்ற ஓட்டுநர்கள் கிண்டல் செய்தால், "லோரிக்குப் பெயிண்ட் அடிக்கிறோம்ல, எனக்கும் அடிச்சுக்கிறேன்" என்பான். அவ்வளவுதான் அவன் பேச்சு.

ஆளை அளக்க வேண்டுமென்றால் கோஸ்தான் எடுக்கும்போது பார்க்க வேண்டும். லோரியைப் பின்பக்கமாக எடுப்பதைத்தான் நாங்கள் கோஸ்தான் என்போம். முன்னால் ஓட்டுவதற்கு யார் வேண்டுமானாலும் வருவார்கள். நீட்டு லோரியைக் குறுகலான கிடங்கு வாசலில் பின்னுக்குக் கொண்டுபோய்ப் பொருத்துவதில்தான் தொழில் இருக்கிறது. முகுந்தன் வலப்பக்கச் சன்னலில் தலையை வெளியே நீட்டி, கழுத்தை வெடுக்கென்று திருப்பி, பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஒரே இழுப்பில் உள்ளே விட்டுவிடுவான். இறங்கிப் பார்க்க மாட்டான். எங்கள் ஆட்களிடையே கோஸ்தானின்போது இறங்கிப் பார்க்கிறவன் கற்றுக்குட்டி.

அந்தக் கழுத்துதான் ஒரு நாள் மக்கர் செய்ய ஆரம்பித்தது.

முதலில் காலையில் மட்டும் பிடித்தது. பிறகு நாள் முழுக்க. கடையில் விற்கும் கோயோக் பிளாஸ்திரியைக் கழுத்தின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு வருவான். அவன் லோரியில் ஏறினால் மருந்துக்கடைக்குள் நுழைந்ததுபோல வாசனை அடிக்கும். வருடக் கணக்கில் அப்படியே ஓட்டினான். அவன் மனைவி மலர்விழி பள்ளிக்கூட கேண்டீனில் சமைக்கிறவள், வாய் நீளம்.

"அண்ணே, இவர் கழுத்தை நான் பார்த்தே ரொம்ப நாளாச்சு. எப்பப் பார்த்தாலும் பார்சல் கட்டின மாதிரியே இருக்காரு" என்றாள் என்னிடம்.

"வலி இவளுக்கா எனக்கா?" என்றான் முகுந்தன்.

"ராத்திரி பூரா முனகறது உங்களுக்குக் கேக்குதா எனக்குக் கேக்குதா?"

ஒரு நாள் சுபாங் ஜெயா கிடங்கு ஒன்றில் கோஸ்தான் எடுக்கும்போது கழுத்து பாதியில் நின்றுவிட்டது. லோரியின் மூலை தூணில் இடித்தது. யாருக்கும் அடி இல்லை, தகரம்தான் நசுங்கியது. அங்கே ஆள் நின்றிருந்தால்? நான் அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

"முகுந்தா, சாவியைக் குடு. கழுத்து சரியாகிற வரைக்கும் ஸ்டோர் வேலையைப் பாரு."

அவன் முகம் செத்துப்போயிற்று. "ஸ்டோர்ல உட்கார்ந்து பெட்டியை எண்றதுக்கா அண்ணே உங்ககிட்ட வந்தேன்? அதுக்கு வீட்டுலயே இருந்துடலாம் லா."

"ரெண்டு மாசம் தரேன். நம்ம கம்பெனிக்குப் பின்னாடி சந்துல, ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் கால்வாய், அதுல கோஸ்தான் எடுத்துக் காட்டு. அன்னைக்கே சாவி உன் கையில."

அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் பெரிய கோளாறு இல்லை, வயதுத் தேய்மானம் கொஞ்சம், மற்றதெல்லாம் இறுகிப்போன தசை என்று சொன்னார். கழுத்துக்குச் சில பயிற்சிகள் காட்டிக் கொடுத்தார். பயிற்சி பெற்ற ஆளிடம் மசாஜ் செய்துகொள்ளலாம், சிலருக்கு நல்ல குணம் தெரிகிறது, ஆனால் கை மரத்துப்போனால் உடனே வரவேண்டும் என்றார். அவன் வந்து இதையெல்லாம் சொன்னபோது, மசாஜ் என்று காதில் விழுந்ததும் நான் சொல்லிவிட்டேன்: "அந்தப் பொறுப்பு என்னுது."

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எனக்குத் தெரியாத ஆள் கிடையாது. அங்கே பார்வை இல்லாதவர்கள் நடத்தும் மசாஜ் கடைகள் இருக்கின்றன. அதில் ஒன்று யுகேந்திரனுடையது. முறையாகப் பயிற்சி எடுத்தவர். என் இடுப்பை அவரிடம்தான் ஒப்படைத்திருக்கிறேன். நானும் முகுந்தனும் படியேறும்போதே உள்ளிருந்து குரல் வந்தது.

"குருசாமி அங்கிளா? வாங்க. ஊரையே அதட்டிக்கிட்டு வர்ற செருப்பு வேற யாருக்கு இருக்கு?"

"ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கேன் யுகேந்திரா. இவன் கழுத்தை நல்லா அமுக்கு. எலும்பு டக்குன்னு பேசணும்."

"எலும்பு பேசினா நான் ஓடிப்போயிடுவேன் அங்கிள். நீங்க கீழ போய்த் தேத்தண்ணி குடிங்க. இவர் வாயைத் திறக்கணும்னா நீங்க இங்க இருக்கக்கூடாது."

நான் போகவில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

யுகேந்திரன் முதலில் கை வைக்கவில்லை. டாக்டரைப் பார்த்தாயிற்றா, விரல் மரக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு தோள்பட்டையிலிருந்து ஆரம்பித்தார். முதுகின் மேல்பக்கம், தோள், காதுக்குப் பின்னால் என்று மெதுவாக ஊர்ந்தார். முகுந்தன் கவிழ்ந்து படுத்தபடியே கேட்டான்.

"வலி கழுத்துல பாஸ். நீங்க ஏன் தோளைச் சுத்திச் சுத்தி வர்றீங்க?"

"உங்க தோள் ரெண்டும் காதுகிட்ட குடியேறிடுச்சு. அதை முதல்ல வீட்டுக்கு அனுப்பிட்டு வரேன்."

ஒரு மணி நேரம் ஆனது. வெளியே வந்ததும் முகுந்தன் என் காதோடு காதாக, "ஒரு சத்தம்கூட வரலையே அண்ணே" என்றான். எங்கள் ஆட்களுக்கு அது ஒரு பழக்கம். முடி வெட்டி முடிந்ததும் கடைக்காரர் தலையைத் தட்டி, தடவி, கடைசியில் தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு டக், அந்தப் பக்கம் ஒரு டக் வைத்தால்தான் வெட்டியது வெட்டியதாகும். சத்தம் வராத வைத்தியத்தை எங்கள் ஆட்கள் லேசில் நம்ப மாட்டார்கள்.

வாரத்துக்கு இரண்டு தடவை போனான். முதல் வாரம் குணம் தெரிந்தது சாயங்காலம் வரைக்கும்தான். படுக்கப் போகும்போது வலி திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. "இதுக்கு கோயோக்கே தேவலை" என்று முணுமுணுத்தான். நான் விடவில்லை. நான் ஒன்றை ஆரம்பித்தால் பாதியில் விட்டதாகச் சரித்திரம் இல்லை. டாக்டர் காட்டிய பயிற்சியையும் ஸ்டோரில் பெட்டிகளுக்கு நடுவே நின்று காலையும் மாலையும் செய்தான். பிளாஸ்திரி ஒன்றாகக் குறைந்தது, பிறகு இல்லாமல் போனது. இரவில் தூங்கினான்.

மலர்விழி என் கம்பெனிக்கே வந்து சொன்னாள்: "அண்ணே, இப்பக் கூப்பிட்டா தலை மட்டும் திரும்புது. முன்னாடி அலமாரியை நகர்த்துற மாதிரி ஆளே திரும்புவாரு!"

சந்தில் லோரி எடுத்துக் காட்ட வேண்டிய நாள் வந்தது. அதற்கு முதல் நாள் முகுந்தன் செய்த காரியத்தைக் கேளுங்கள். மறுநாள் எல்லா ஓட்டுநர்களும் பார்க்கப்போகிறார்களே, கொஞ்சம் லட்சணமாக இருக்க வேண்டாமா என்று முடி வெட்டப் போயிருக்கிறான். வழக்கமான கடைதான். ராஜன் என்கிற தமிழ்நாட்டுப் பையன் வெட்டுவான், கை சுத்தம். வெட்டி, சவரம் செய்து, தலையில் எண்ணெய் வைத்துத் தட்டினான். முகுந்தன் சுகமாகக் கண்ணை மூடிவிட்டான். கழுத்தைத் தொடாதே என்று சொல்ல அவனுக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருடம் சொன்னதில்லையே. ராஜனும் வழக்கப்படி தாடையைப் பிடித்தான். இடப்பக்கம் டக். வலப்பக்கம் டக்.

"நல்லா இருக்காண்ணே?" என்று கேட்டிருக்கிறான் ராஜன்.

முகுந்தனால் நாற்காலியைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை.

மலர்விழி போன் செய்து அழுதாள். நான் காரை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனபோது, ஆணி கழன்ற சாமி படம்போலத் தலை ஒரு பக்கம் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தான். நேராக பிரிக்பீல்ட்ஸுக்கு ஓட்டினேன். யுகேந்திரன் நடந்ததைக் கேட்டார். கையை மடியைவிட்டு எடுக்கவில்லை.

"இன்னைக்கு நான் தொட மாட்டேன் அங்கிள்."

"நீ தொடாம யாருய்யா தொடறது? தேய்ச்சு விடு!"

"அந்தத் திருகல்ல உள்ள என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியாத கழுத்துல கை வைக்க மாட்டேன். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

என்னிடம் மாட்டேன் என்று சொல்கிற ஆட்கள் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் அதிகம் கிடையாது. சொன்னவர்களில் நான் மதிப்பு வைத்திருப்பவர் யுகேந்திரன். போனோம். காரில் முகுந்தன் சாய்ந்த தலையோடு கேட்டான்.

"அண்ணே, நாளையோட ரெண்டு மாசம் முடியுது. சாவி போச்சா?"

"சோதனை உன் கழுத்துக்குத்தான்டா, காலண்டருக்கு இல்ல. வாயை மூடிக்கிட்டு வா."

நல்ல வேளை, நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. தசைப்பிடிப்புதான். ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள். கழுத்தை யாரும் திருகக்கூடாது என்று டாக்டர் கொஞ்சம் கோபமாகவே சொன்னார். பிறகு அவரே அனுமதி கொடுத்ததும் பழையபடி யுகேந்திரனிடம் போனான். இந்தத் தடவை பொறுமையாகப் போனான், சத்தம் வரவில்லையே என்று கேட்கவில்லை.

ஒரு நாள் யுகேந்திரன் அவனை முக்காலியில் உட்காரவைத்து, "கோஸ்தான் எப்படி எடுப்பீங்க? செஞ்சு காட்டுங்க" என்றார். தோளில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். முகுந்தன் வெடுக்கென்று தலையைத் திருப்பினான்.

"தோள் அசையவே இல்ல. இடுப்பும் சும்மா உட்கார்ந்திருக்கு. எல்லா வேலையும் கழுத்தோட தலையிலயே. வீட்டுல ஒருத்தரே சம்பாதிச்சா எப்படி? இடுப்பையும் அனுப்புங்க."

முகுந்தன் சிரித்துவிட்டுக் கேட்டான்: "பழைய மாதிரி ஆயிடுமா பாஸ்?"

"கல்யாணத்துக்கு முந்தின கழுத்தை நான் திருப்பித் தர முடியாது. இருக்கறதை இறுகாமப் பார்த்துக்கலாம். பயிற்சியை விடாதீங்க. அப்பப்ப வாங்க. அவ்வளவுதான் என் கையில இருக்கு."

சந்தில் லோரி எடுத்த நாள் நல்ல வெயில். என் ஓட்டுநர்கள் எல்லாரும் சுவர் ஓரமாக நின்றார்கள். முகுந்தன் இஸ்திரி போட்ட சட்டையோடு ஏறினான். தலையை வெடுக்கென்று திருப்பவில்லை. இருக்கையில் இடுப்போடு முழுசாகத் திரும்பி உட்கார்ந்து, பின்னால் பார்த்து, கண்ணாடியைப் பார்த்து, நத்தைபோல லோரியை விட்டான். பாதிச் சந்தில் நிறுத்தினான். இறங்கினான்.

"என்ன முகுந்தா, லைசென்ஸை மறந்துட்டியா?" என்று ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். முகுந்தனின் காது சிவந்ததை நான் பார்த்தேன். ஆனால் அவன் நின்று, இடப்பக்கப் பின் சக்கரத்தையும் கால்வாயையும் குனிந்து பார்த்து, மறுபடி ஏறினான். லோரி சுவரிலும் உரசவில்லை, கால்வாயிலும் இறங்கவில்லை. கடைசிச் சுவருக்கு ஒரு சாண் விட்டு நின்றது.

நானாக இருந்தால் ஒரே இழுப்பில் எடுத்திருப்பேன், அது வேறு விஷயம். சாவியை அவன் கையிலேயே விட்டேன். அங்கேயே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்: இனிமேல் என் கம்பெனியில் கோஸ்தான் எடுக்கிறவன் எவனாக இருந்தாலும் பாதியில் இறங்கிப் பார்க்க வேண்டும், சிரிக்கிறவன் மூட்டை தூக்கப் போகலாம். இப்போது வேறு கம்பெனிக்காரர்களும் அப்படிச் செய்கிறார்கள். ஆரம்பித்து வைத்தது யார் என்று கேட்டால், சொல்லுங்கள்.

முகுந்தன் இன்றைக்கும் மாதத்துக்கு ஒரு தடவை பிரிக்பீல்ட்ஸுக்குப் போகிறான். வலி முழுதாகப் போகவில்லை, வந்தால் தங்குவதில்லை. முடி வெட்ட ராஜனிடம்தான் போகிறான். போன வாரம் நானும் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். வெட்டி முடிந்து ராஜனின் கை பழக்கத்தில் தாடைப் பக்கம் வந்ததும், முகுந்தன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டான்.

"முடி மட்டும் போதும் தம்பி."

"கை சும்மா இருக்க மாட்டேங்குதுண்ணே" என்றான் ராஜன். பிறகு நாக்காலேயே டக் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, துணியை உதறினான்.