தலையில் ஊசி போட பிரேசர் டவுனுக்கு: உரிகத்திலிருந்து ஒரு நாள் பயணம்

என் மகள் தேன்மொழிக்கு இரண்டு வருஷமாக முடி கொட்டி, வகிடு அகலமாகிக்கொண்டே வந்தது. தங்கவயலிலிருந்து தினமும் பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்குப் போகிறவள், வெயில் இல்லாத நாளிலும் முக்காடு போட ஆரம்பித்தாள். இதற்கு ஒரு வைத்தியம் உண்டு: நம் ரத்தத்தையே எடுத்து, மிஷினில் சுற்றி, தெளிகிற மஞ்சள் நீரைத் தலையில் ஊசியாகப் போடுகிறார்கள், பி.ஆர்.பி. என்று பெயர். பிரேசர் டவுனில் அதைச் செய்கிற கிளினிக் வாசல்வரை இரண்டு தடவை தனியாகப் போய்த் திரும்பிவிட்டாள். இந்தத் தடவையும் திரும்பினால் இனி போகவே மாட்டேன் என்றாள். அதனால் போன மாதம் ஒரு சனிக்கிழமை நானும் கிளம்பினேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்வதை அவளேதான் தட்டித் தருகிறாள்.

தங்கவயலில் எங்கள் உரிகம் ஸ்டேஷனிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து ஆட்டோ எண்பது ரூபாய். முடி டாக்டர் என்றதும் டிரைவர் கண்ணாடியில் என் வழுக்கையைப் பார்த்தார்.

“ரொம்ப லேட்டா கிளம்பிட்டீங்களே, பெரியவரே.”

அன்றைக்கு அவள் முதலில் சிரித்தது அப்போதுதான்.

கிளினிக்கில் வேலை செய்கிற ஒரு பெண் அவள் தலையைத் தொட்டுப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டாள். ஊசி போட்டால் சூடு ஏறுமே என்று, விடிகாலையில் நானே தேங்காயெண்ணெயில் விளக்கெண்ணெய் கலந்து வழிய வழியத் தேய்த்துவிட்டிருந்தேன். எண்ணெய்த் தலையில் ஊசி போடமாட்டார்களாம், வேறு நாள் வரவேண்டுமாம். தேன்மொழி முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

“வாப்பா, போலாம்.”

நான் எழுந்திருக்கவில்லை. டாக்டரம்மா வெளியே வந்தபோது தப்பு என்னுடையது என்றேன். மத்தியானத்துக்குள் அலசிவிட்டு வந்தால் செய்கிறேன் என்றார். கீழே மருந்துக்கடையில் ஷாம்பு பாக்கெட் வாங்கி, பின்பக்கக் குழாயடியில் அவளைக் குனிய வைத்தேன். விளக்கெண்ணெய் லேசில் போகிற சாமானா?

“கண்ணு எரியுதுப்பா.”

“எரியட்டும். இன்னும் குனி.”

முடியை உலர்த்தி உள்ளே அழைத்துப் போனார்கள். வேர் உயிரோடு இருக்கும் இடத்தில் முடி தடிக்கலாம், வழவழவென்று ஆன இடத்தில் வராது, சிலருக்குக் கேட்காமலும் போகலாம் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். மாதம் ஒன்றாக மூன்று நான்கு தடவை; பலன் தெரியச் சில மாதம் ஆகும். ஒரு தடவைக்கு ஐயாயிரம். மரத்துப்போக மருந்து தடவியும் வலித்ததாம்; வெளியே வந்தபோது நெற்றி லேசாக வீங்கியிருந்தது.

போகிறவர்களுக்கு: முந்தின நாளே தலைக்குக் குளித்துவிடுங்கள், எண்ணெய் பக்கம் போகாதீர்கள். ரத்தம் எடுக்கிறார்களே என்று பட்டினியாகப் போகவேண்டாம், சாப்பிட்டுப் போகலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தோல் டாக்டர்தானா என்று கேட்டுக்கொண்டு போங்கள். துணைக்கு ஒருவர் இருந்தால் நல்லது.

சாயந்திர வண்டியில் அவளோடு தினமும் வருகிற பெண்கள் எங்களுக்கு இடம் போட்டு வைத்திருந்தார்கள். நெற்றி இன்னா வீங்கியிருக்கு, எங்காவது இடிச்சிக்கினியா என்று ஒரு அக்கா கேட்டாள். ஏதாவது சொல்லி மழுப்புவாள் என்று நினைத்தேன்.

“முடி கொட்டுதுக்கா. ஊசி போட்டுக்கினு வரேன்.”

அந்த அக்கா தன் கொண்டையை அவிழ்த்துவிட்டு, எங்களுக்கு நடுவில் தலையைக் குனிந்தாள்.

“எனுக்கும் பாருடி, இந்த எடத்துல.”