எபனேசர் அண்ணாச்சியின் முதல் வரி

எபனேசர் அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம். எதைப் பேசினாலும் எதிராளியின் பேச்சிலிருந்துதான் ஆரம்பிப்பார். குற்றாலம் பேரருவிக்குப் போகும் பாதையில் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறவர் அவர். சபை ஐயர், அதாவது பாதிரியார், வெளியூர் போன ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கோயிலில் பிரசங்கமும் அவர்தான். பிரசங்க மேடையில் ஏறி நின்றதும், “ஆண்டவர் இல்லை!” என்பார். புதிதாக வந்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். “இப்படிச் சொல்லுதான் ஒருத்தன்” என்று பிறகுதான் தொடங்குவார். அரை மணி நேரத்தில் அந்த ஒருத்தனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். பதினைந்து வருடமாக மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கேட்டவன் நான்.

அவர் கடைக்கு அடுத்து என் துண்டுக்கடை. அவர் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் தினமும் சண்டைதான். இந்த ஜூனில் தண்ணீர் கூடி மூன்று நாள் தொடர்ந்து குளிக்கத் தடை. நம் பிழைப்பைக் கெடுக்கவே அரசாங்கம் இப்படிச் செய்கிறது என்று எழுதினேன். அவர் நிதானமாகப் பதில் எழுதினார். அவருக்கு இருபது பேர் பெருவிரல் தூக்கினார்கள், எனக்கு ஒருத்தரும் இல்லை. வயிறு எரிந்தது. இந்த ஆள் எதை எழுதினாலும் கட்சிக்காகத்தான் எழுதுவார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில் அவர் நீளமாக ஒன்று போட்டார். அதன் முதல் வரி: “நாலு பேரு போனாலும் பரவாயில்ல, சீசன் நிக்கக் கூடாது.” அடுத்த வரியில், இதுதான் நம்மில் பாதிப் பேர் மனதில் இருக்கிறது என்று ஆரம்பித்து, தண்ணீர் கூடுகிற நாளில் அருவியை அடைப்பதே சரி என்று முடித்திருந்தார். அவ்வளவு நீளத்தைக் குழுவில் வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள். நான் முழுவதும் படித்தேன். படித்துவிட்டுத்தான் முதல் வரியை மட்டும் வெட்டியெடுத்து, ‘சிப்ஸ் கடை எபனேசரின் உண்மை முகம்’ என்று ஃபேஸ்புக்கில் போட்டேன். தடையே கூடாது என்று கத்தியவன் நான். தடை வேண்டும் என்றவரை உயிரை மதிக்காதவர் என்று ஊருக்குக் காட்டினேன்.

மத்தியானத்துக்குள் அது சிவகிரி வரை போய்விட்டது. போனில் வசவு. வேனில் வந்த ஒரு பெண் இறங்கி அவர் கடை வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனாள். குற்றாலத்துக்கே கெட்ட பெயர் என்று எங்கள் வியாபாரிகள் சங்கம் சனிக்கிழமை கூட்டம் போட்டது. சங்கம் நீக்கிவிட்டால் அருவிப் பாதையில் கடை போட முடியாது. அவர் வீட்டுக்கு வருடம் முழுக்கச் சோறு இந்த மூன்று மாதச் சீசனில்தான்.

கூட்டத்துக்குக் கிளம்பும்போது அவர் மனைவி ஜெஸி என் கடை முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணே, நீங்களும் கோயில்ல உக்காந்து அவரு பிரசங்கத்தக் கேட்டவுகதான? அவரு எப்படி ஆரம்பிப்பாருன்னு உங்களுக்குத் தெரியாதா?”

நான் துண்டுகளை மடிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

கூட்டத்தில் அறுபது பேர். தலைவர் வல்லிநாயகம் அண்ணாச்சி, “என்ன சொல்லணுமோ சொல்லுங்க எபனேசர்” என்றார். அவர் எழுந்தார். உதடு காய்ந்திருந்தது. அந்த நேரத்திலாவது அவர் வேறு மாதிரி ஆரம்பிக்கக் கூடாதா என்று எனக்குப் பதறியது.

“நான் உசுர மதிக்காதவன்!” என்றார்.

அவ்வளவுதான். “பாத்தியளா, அவரே ஒத்துக்கிட்டாரு!” என்று பின்வரிசையிலிருந்து சங்கரபாண்டி கத்தினான். போன்கள் உயர்ந்தன. “இல்லலே, அப்படிச் சொல்லுதாங்கன்னு…” என்று அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்தபின் என்னால் உட்கார முடியவில்லை.

“வெட்டிப் போட்டது நான்தான். முழுசா வாசிக்கேன்” என்று எழுந்தேன். முழுசாக வாசிக்க வேண்டுமென்றால் அந்த வரியிலிருந்துதானே தொடங்க வேண்டும்! என் வாயாலேயே வாசித்தேன்: “நாலு பேரு போனாலும் பரவாயில்ல, சீசன் நிக்கக் கூடாது.” சங்கரபாண்டியின் போன் என் முகத்துக்கு நேராக இருந்தது. கூச்சல் எழுந்தது. நான் நிறுத்திவிட்டேன்.

“நிறுத்தாத ரத்தினம், வாசி” என்றார் எபனேசர் அண்ணாச்சி.

கடைசி வரி வரை வாசித்தேன். வல்லிநாயகம் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “எபனேசர் கடையத் தொறக்கட்டும்” என்றார்.

சாயங்காலம் சாரலுக்கு என் கடைக்குள் ஒதுங்கி நின்று போனைத் திறந்தேன். ஃபேஸ்புக்கில் ஒன்பது வினாடி வீடியோ. என் முகம், என் குரல், அந்த ஒரே வரி. ‘துண்டுக்கடை ரத்தினத்தின் உண்மை முகம்’ என்று போட்டிருந்தார்கள். கீழே வசவுக்குமேல் வசவு. திட்ட வந்தவர்களில் ஒருவன்கூட, அதற்குப் பிறகு நான் என்ன வாசித்தேன் என்று கேட்கவில்லை. எனக்கு வேண்டியதுதான் என்று நினைத்தேன். ஆனாலும் பயமாக இருந்தது.

அப்போது எபனேசர் அண்ணாச்சி பெயரில் ஒரு பதிவு வந்து விழுந்தது. இந்த முறை எதிராளியின் பேச்சு எதுவும் இல்லை. நேரே தன் பேச்சிலேயே ஆரம்பித்திருந்தார்.

“ரத்தினம் கடைசி வரைக்கும் வாசிச்சான். நான் பக்கத்துல இருந்து கேட்டேன்.”

அடுத்த கடையில் சிப்ஸ் எண்ணெயில் விழும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்கு முகமில்லை. துண்டுக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன்.