பிள்ளையார் படம் இல்லாத இரண்டு அட்டைகள்

எட்டாம் வகுப்போடு நான் படிப்பை விட்டேன். அதன்பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி, எர்ணாகுளத்தில் படுக்கையில் கிடந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை, கோட்டயம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் என்று போய்க்கொண்டே இருந்தேன். எங்கேயும் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் நின்றதில்லை. நாற்பது தாண்டி ஊருக்குத் திரும்பியபோது, கேரள எல்லையில், அமரவிளைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் கஞ்சிப்புரையில் வேலை கிடைத்தது. பிள்ளைகளுக்கு மதியச் சோறும் பயறும் ஆக்கிப் போடும் இடம் அது. சமையல்காரிக்கு நான் உதவி.

அந்தப் பள்ளியில் மலையாளப் பிரிவும் உண்டு, தமிழ்ப் பிரிவும் உண்டு. தமிழ் ஐந்தாம் வகுப்பில் மொத்தம் பன்னிரண்டு பிள்ளைகள். அவர்களுடைய டீச்சர் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, சொற்களைச் சேர்க்கும் விளையாட்டு ஒன்றைத் தொடங்கினாள். தரையில் இருபது அட்டைகளைப் பரப்புவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சொல் எழுதியிருக்கும். ஒரு பிள்ளை வந்து, தனக்கு ஒன்றோடொன்று சேரும் என்று தோன்றுகிற சொற்களைப் பொறுக்கி வரிசையாக வைக்க வேண்டும். பிறகு அவை ஏன் சேரும் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

அட்டைகளை வெட்டியது நான். டீச்சர் வீட்டுக் கல்யாணத்துக்கு அடித்த அழைப்பிதழில் தேதி தவறாக விழுந்து, ஒரு கட்டு அப்படியே மிஞ்சிக் கிடந்தது. நல்ல கெட்டி அட்டை. வெட்டும்போது சில துண்டுகளில் மட்டும் தங்க நிறப் பிள்ளையார் வந்தார். மற்றவற்றில் படம் இல்லை. அச்சடிக்காத பக்கத்தில் டீச்சர் சொற்களை எழுதினாள். மறுபக்கத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

ஜூலை மாதம் ஒரு புதிய பெண்பிள்ளை வந்து சேர்ந்தாள். பொழியூர்க் கடற்கரையில் அவர்கள் வீட்டைக் கடல் எடுத்துவிட்டது. பழைய பள்ளியின் காகிதங்களும் அதோடு போயின. நான்காம் வகுப்பில் பாதி நாள் அவள் வகுப்புக்கே போகவில்லை என்று தகவல் வந்தது. அவளை ஐந்தில் வைப்பதா, நான்கில் திரும்ப உட்கார வைப்பதா என்பதைத் தலைமையாசிரியை டீச்சரிடம் விட்டுவிட்டாள். ஒரு வாரம் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளையோ வாயே திறக்கவில்லை.

அந்த வாரக் கடைசி நாள் டீச்சர் நெய்யாற்றின்கரைக்கு ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. என்னைக் கூப்பிட்டாள்.

“அக்கா, நீங்க ஒண்ணும் சொல்லிக் கொடுக்கண்டாம். அட்டையைப் போட்டு விளையாடச் சொல்லுங்க. ஏன்னு மட்டும் கேளுங்க. அந்தப் புதுப் பிள்ளையைக் கொஞ்சம் கவனிச்சுக்கிடுங்க. வந்ததும் எனக்குச் சொல்லணும்.”

மாதிரிக்கு ஒரு தாளையும் கொடுத்தாள். கடல், ஆறு, குளம் ஒரு கூட்டம். ஆட்டோ, பஸ், படகு ஒரு கூட்டம். இப்படி நாலைந்து. இவை ஒரு வழிதான், பிள்ளைகள் வேறு மாதிரியும் வைப்பார்கள் என்றாள். நான் தாளை மட்டும்தான் பிடித்துக்கொண்டேன்.

வகுப்பில் ஒரே சத்தம். சோற்றுக் கரண்டியோடு நிற்கும்போது என் சொல்லைக் கேட்கிற பிள்ளைகள் அங்கே கேட்கவில்லை. “எக்கா, ஒங்களுக்கு இங்க்லீஷ் அறியுமா?” என்று ஒருவன் கேட்டான். “பேசாம இரிலே” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். வராந்தாவில் தலைமையாசிரியை ஒரு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். எனக்கு வியர்த்தது. வந்த பிள்ளைகள் தாளில் இருந்த மாதிரி வைத்தால் சரி என்றேன். மாறி வைத்தால் திருத்தினேன். ஏன் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்வார்கள், அது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாமல் போகும். அந்தப் பயம்தான்.

அந்தப் பிள்ளை முறை வந்தது. அவள் அவசரப்படாமல் குனிந்து, அட்டைகளை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்து, ஐந்தை எடுத்து வைத்தாள். கடல். பள்ளிக்கூடம். பாய். ஆட்டோ. சாவி.

நான் தாளைப் பார்த்தேன். எந்தக் கூட்டத்திலும் இந்த ஐந்தும் சேர்ந்து இல்லை. முன்னால் இருந்தவன் ஓர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “எக்கா, இவ படம் பாத்து வச்சிருக்கா. எல்லாம் பிள்ளையாராக்கும்” என்றான்.

இன்னொருத்தி ஆட்டோவைத் திருப்பினாள். “போலே, இதுல பிள்ளையார் இல்லெ.”

“அவருக்கு ஆட்டோ என்னத்துக்கு? அவரு எலியிலல்லா போவாரு” என்றான் அவன்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து, “அக்கா, அது வந்து” என்று தொடங்கினாள். அவள் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “சரி மக்கா, போய் இரி” என்று சொல்லி அட்டைகளைக் கலைத்தேன்.

கலைப்பதற்கு முன்பு நானே திருப்பிப் பார்த்தேன். கடல், பாய், சாவி மூன்றிலும் பிள்ளையார் இருந்தார். பள்ளிக்கூடத்திலும் ஆட்டோவிலும் படம் இல்லை. அது என் கண்ணில் நன்றாகவே பட்டது. பிள்ளையார் உள்ள வேறு அட்டைகள் தரையில் கிடந்ததும் எனக்குத் தெரியும். வெட்டியவளே நான்தானே.

சாயங்காலம் டீச்சர் வந்தாள். “அவ எப்பிடி அக்கா?”

“படம் பாத்து வைக்கா டீச்சர். வாசிக்கத் தெரியாதுன்னு தோணுது.”

இரண்டாவது வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. வகுப்பை நான் சரியாகப் பார்த்துக்கொண்டேன் என்று காட்ட ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். டீச்சர் அதையே தலைமையாசிரியையிடம் சொன்னாள். திங்கட்கிழமை அந்தப் பிள்ளை நான்காம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு அன்று பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. ஒரு வருஷம்தானே என்று நினைத்தேன். எட்டில் தோற்று, சின்னப் பிள்ளைகளோடு உட்காரச் சொன்ன வருஷம்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அதுகூட அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து நல்ல மழை. அலமாரி இருந்த இடத்தில் ஓடு ஒழுகி அட்டைகள் நனைந்துவிட்டன. டீச்சர் அவற்றைக் கொண்டுவந்து, அடுப்படியில் உலர்த்தித் தரச் சொன்னாள். கஞ்சிப்புரைத் திண்டில் பரப்பி வைத்தேன். சாப்பிட்டுத் தட்டுக் கழுவ வந்த அந்தப் பிள்ளை அங்கேயே நின்றாள். எழுத்துப் பக்கம் மேலே இருந்தது. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து அடுக்கினாள். அதே ஐந்து, அதே வரிசை.

அன்றைக்குத்தான் கேட்டேன். “இது ஏன் மக்கா ஒண்ணாச் சேரும்?”

“இது நாங்க வந்த வழியாக்கும்” என்றாள். ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக் காட்டினாள். “கடல் வீட்டுக்குள்ள வந்துது. பின்னே எங்களை ஒரு பள்ளிக்கூடத்துல தங்க வச்சாவ. அங்க எல்லாருக்கும் ஒவ்வொரு பாய் தந்தாவ. அதைச் சுருட்டி ஆட்டோல வச்சு இங்க வந்தோம். இப்போ வாடகை வீட்டுச் சாவி எனக்க கையிலயாக்கும். அம்மை வேலைக்குப் போனா நான்தான் திறக்கணும்.” கழுத்துக் கயிற்றை இழுத்துச் சாவியைக் காட்டினாள்.

இருபத்தைந்து வருஷமாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவள் நான். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

“இது சரியா அக்கா?”

“சரி மக்கா. ரொம்பச் சரி.”

“அப்போ நான் அஞ்சுக்குப் போலாமா?”

டீச்சர்கிட்டக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்று சாயங்காலமே டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பிள்ளையார் இல்லாத இரண்டு அட்டைகளைப் பற்றியும். அவள் திட்டவில்லை. “நானும் ஒருவாட்டி அவகிட்ட நேரா கேட்டிருக்கணும் அக்கா” என்று சொல்லிவிட்டு உடனே தலைமையாசிரியையின் அறைக்குப் போனாள். நான் வெளியே நின்றேன். பதிவேட்டில் ஏற்றியாயிற்று, கம்ப்யூட்டரிலும் ஏற்றியாயிற்று, இனி இந்த வருஷம் மாற்ற முடியாது என்று தலைமையாசிரியை உள்ளே சொல்வது கேட்டது. ஒரு வருஷம் கூடப் படித்தால் நல்லதுதானே என்றும் சொன்னாள்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் எங்கேயாவது பஸ் ஏறிவிடலாம் என்றுதான் தோன்றியது. எனக்கு அது பழக்கம். ஆனாலும் போனேன். மதியம் நான்காம் வகுப்பு வரிசையில் அவள் தட்டோடு வந்தாள். தட்டில் சோறு வைத்தேன்.

“அஞ்சுக்குப் போக முடியாது மக்கா. அக்கா அன்னைக்கு டீச்சர்கிட்டப் பொய் சொல்லிட்டேன். நீ படம் பாத்து வைக்கலன்னு எனக்குத் தெரியும்.”

அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “என்னத்துக்கு அக்கா அப்பிடிச் சொன்னிய?” என்றாள். குற்றம் சொல்வது போல இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

பின்னால் வரிசை நகராமல் நின்றது. யாரோ ஒருவன் தட்டைத் தட்டினான். நான் கரண்டியால் பயறை எடுத்து அவள் சோற்றின் மேல் ஊற்றினேன். அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள்.