கெடுத்துப் பார்க்கும் தனம்

உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ கணினி ஒரு நாள் காலையில் திறக்க மறுத்தால், முதலில் என்ன கேட்பீர்கள்? "யார் தொட்டது?" என்றுதானே? தனம் அதைக் கேட்பதில்லை. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிக்கொண்டே, "கடைசியா நல்லா ஓடுச்சில்ல, அதுக்கப்புறம் இன்னா மாறிச்சு?" என்பார். யாராவது ஓர் ஆளைக் காட்டிப் பேச ஆரம்பித்தால், "ஆள வுடுங்க, பொட்டிய சொல்லுங்க" என்று வெட்டிவிடுவார்.

நாற்பதை நெருங்கும் தனத்துக்கு மின்னணுவியலில் டிப்ளமோ உண்டு. வாய் அதைவிட ஜாஸ்தி. சிமெண்டுச் சாக்கில் தைத்த பையை மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு, கணினி பழுதுபார்க்கத் திருவண்ணாமலை முழுவதும் சுற்றுகிறார். கழற்றிய திருகாணிகளை ஒட்டவைக்க, உடைந்த ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம் ஒன்று வைத்திருக்கிறார். ஹார்ட் டிஸ்க் பக்கம் மட்டும் அதைக் கொண்டுபோகமாட்டார். யோசனை முற்றினால் நெற்றியின் ஸ்டிக்கர் பொட்டை எடுத்துத் திரையின் ஓரத்தில் ஒட்டுவார், போகும்போது மறந்துவிடுவார். ஊரில் பல திரைகளின் மூலையில் அவர் பொட்டு இருக்கிறது. ஏதோ வேண்டுதல் என்று நினைத்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரை எனக்குத் தெரியும்.

பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவர் அவர். எனக்கு அதில் உடன்பாடில்லை, வாதாடிப் பார்த்திருக்கிறேன். "நான் நடக்கறது என் கால்ல. உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிட்டார். ஆனால் என்னோடு மேடையேறிப் பகுத்தறிவு பேசும் நண்பர்கள் சிலரிடம் இல்லாத ஒரு குணம் இந்தப் பெண்ணிடம் இருக்கிறது. சோதித்துப் பார்க்காதவரை தன் முடிவையே அவர் நம்புவதில்லை. கோளாறைச் சரிசெய்துவிட்டால் அவருக்குப் போதாது. அதே கோளாறை மறுபடி வரவழைத்துப் பார்க்க வேண்டும். "வந்த வழியிலயே திரும்ப வரணும். வரலைன்னா நான் சொன்னது காரணமில்ல, கத" என்பார். சரியான பெட்டியை மறுபடி கெடுக்கிறாளே என்று பயந்து அவரைக் கூப்பிடாதவர்களும் உண்டு.

ஆயுத பூசை முடிந்து வந்த திங்கட்கிழமை, வேங்கிக்காலில் அந்தப் பழக்கத்தை நேரில் பார்த்தேன். திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். எதிரே அப்பாசாமியின் தட்டச்சுக் கடையில் மனு அடிக்கக் கூட்டம் நிற்கும். எங்கள் தெருவுக்கு விளக்குக் கேட்டு நானும் நின்றேன். கடையில் இரண்டு கணினிகள். இணைய இணைப்புள்ள முன் கணினியில் வேலை செய்பவள் ஆர்த்தி; அடி அண்ணாமலையிலிருந்து வருகிற இருபது வயதுப் பெண். அன்று அவள் பொத்தானை அழுத்தியதும் திரையில் சின்னம் வந்தது, கறுத்தது. மறுபடி சின்னம், மறுபடி கறுப்பு. அதற்கு மேல் போகவில்லை.

அப்பாசாமிக்குக் காரணம் உடனே கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை பூசைக்கு ஆர்த்தி வரவில்லை. வயிற்றுவலி என்று சொல்லியனுப்பினாள். சனிக்கிழமை வந்து மாலைவரை அந்தப் பெட்டியில்தான் மனு அடித்தாள். இரண்டையும் அவர் கூட்டிக் கணக்குப் போட்டார்.

"பூச போட்ட பொட்டிய தீட்டோட வந்து தொட்டா எப்படிம்மா எந்திரிக்கும்? நாளைலருந்து நீ வரவேணாம்."

அத்தனை பேர் எதிரில் சொன்னார். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி, சந்தையில் மாட்டைப் பற்றிப் பேசுவதுபோல. நான் குறுக்கே புகுந்தேன். இரண்டு வாக்கியம் பேசியிருப்பேன். "சார், உங்க மீட்டிங்க வெளிய வெச்சிக்கங்க" என்று அப்பாசாமி முடித்துவிட்டார். ஆர்த்தி வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. வரிசையில் நின்ற ஓர் அம்மாள் காகிதத்தை நீட்டி ஏதோ கேட்க, பேனாவை வாங்கிக் கையாலேயே மனு எழுதத் தொடங்கினாள்.

அப்பாசாமி போன் போட்டு வரவழைத்த தனம், வந்ததும் முதலில் ஒரு தூரிகையால் பெட்டியின் காற்றுத் துளைகளிலிருந்து குங்குமத்தைத் தட்டினார். "சாமி கும்பிடுங்கண்ணா, வேணாங்கல. அது மூச்சு வுடற ஓட்டைல எதுக்குப் பூசறீங்க?" பிறகு நினைவகச் சில்லைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து மாட்டினார். பயனில்லை. "என் நெனப்பு தப்பு" என்று சத்தமாகச் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு வெட்கமே இல்லை. பையிலிருந்த சிடியைப் போட்டு வேறு வழியாக உள்ளே நுழைந்து தேடினார்.

"சனிக்கிழம சாயங்காலம் இன்னா மாறிச்சு?"

"ஒண்ணும் மாறல. அவ வந்தா, அவ்ளோதான்."

"ஆள வுடுங்கண்ணா."

அப்பாசாமி தலையைச் சொறிந்தார். கடையைச் சாத்தும் நேரத்தில் வைரஸ் தடுப்பு மென்பொருள் புதுப்பிக்கட்டுமா என்று கேட்டதாம்; இவரே 'சரி' என்று அழுத்திவிட்டு ஷட்டரை இழுக்கப் போனாராம். "அது நல்லதுதானம்மா? தடுப்பூசி மாதிரி?"

"நல்லதுதான். ஆனா அந்தப் புது அப்டேட்டு கணினிக்கு வேண்டிய ஒரு ஃபைலயே வைரஸுன்னு நெனச்சிடுச்சு. ராத்திரி காவலுக்கு வெச்ச ஆளு வீட்டுக்காரனையே திருடன்னு புடிச்சி ரூம்ல போட்டுப் பூட்டிட்டான். காலைல கதவத் தொறக்க ஆளில்ல. காலைலருந்து எனக்கு இதே போன்தான் வந்துக்கினு இருக்குது."

"அங்கயும் யாராச்சும் தொட்டிருப்பாங்க" என்றார் அப்பாசாமி.

மூடநம்பிக்கைக்கு எதிராக எத்தனையோ ஆண்டுகளாகப் பேசிவருகிறேன். இந்தப் பதிலுக்கு எதிர்வாதம் எனக்குத் தெரியாது. தனம் வாதாடவே இல்லை. சாமி படத்துக்குக் கீழே இருந்த இரண்டாவது கணினியைப் பார்த்தார்.

"இத யாரு தொடுவாங்க?"

"கணக்குப் பார்க்க நான் மட்டும்தான். குளிச்சிட்டுதான் தொடுவேன்."

"இன்னைக்குக் குளிச்சீங்களா?"

"இன்னாம்மா கேள்வி இது!"

"அப்ப வந்து உக்காருங்க."

முன் கணினியில் பூட்டப்பட்ட அதே கோப்பின் நல்ல நகலை முதலில் இந்தப் பெட்டியிலிருந்து எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டார். பிறகு சனிக்கிழமை வந்த புதுப்பிப்பைப் பென் டிரைவில் எடுத்து இரண்டாவது பெட்டியில் செருகினார். "நீங்களே அழுத்துங்க. கெட்டுதுன்னா நான் எடுத்துத் தரேன். கெடலைன்னா நான் சொன்னது பொய்யின்னு இத்தன பேர் எதிர்ல ஒத்துக்கறேன்." தனத்தின் பெயரோடு, படியில் உட்கார்ந்திருந்தவளின் பிழைப்பும் அந்தப் பொத்தானில் தொங்கியது.

அப்பாசாமி மவுஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுத்தினார். பெட்டி அணைந்து மீண்டது. சின்னம் வந்தது, கறுத்தது. மறுபடி சின்னம். மறுபடி கறுப்பு.

பட்டா மனுவோடு பின்னால் நின்றவர் மெதுவாகக் கேட்டார்: "ஐயா, உங்களுக்கும் தீட்டுங்களா?"

கடை அதிரச் சிரித்தது. அப்பாசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ராகு காலத்துல போட்டிருப்போம்" என்று முனகினார்.

"திங்கக்கெழம ராகு காலம் ஒம்போது மணிக்கே முடிஞ்சிடுச்சுண்ணா" என்றார் மலை சுற்றும் தனம். "வேற எதுனா இருந்தா சொல்லுங்க, அதையும் போட்டுப் பார்த்துடலாம்."

தனம் இரண்டு பெட்டிகளிலும் அந்தக் கோப்பை உரிய இடத்தில் வைத்து, திருத்திய புதுப்பிப்பு வரும்வரை காவல்காரனுக்கு விடுமுறை கொடுத்தார். முன் கணினி திறந்தது. வரிசை நகரத் துடித்தது. தட்டச்சு செய்ய ஆள்தான் இல்லை. அப்பாசாமிக்குத் தட்டச்சு வராது.

"அவள வரச் சொல்லும்மா" என்றார் தனத்திடம்.

திருகாணி முடுக்கிக்கொண்டிருந்த தனம் தலைநிமிரவில்லை. "அனுப்புனது நானா?"

அப்பாசாமி வாசலுக்குப் போனார். "ஏம்மா" என்றார். படியிலிருந்தவள் திரும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆர்த்தி... உள்ள வா."

"இந்த அம்மாவோட மனுவ முடிச்சிட்டு வரேன் சார்."

எழுதுவதை அவள் நிறுத்தவில்லை. அப்பாசாமி உள்ளே திரும்பிவரவும் இல்லை. கண்ணாடிக் கதவை ஒரு கையால் பிடித்துத் திறந்து வைத்தபடி, அவள் கடைசி வரியை எழுதி முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.

உங்கள் கடையில், உங்கள் வீட்டில், இப்படி வெளியே உட்காரவைக்கப்பட்ட பெண் யாராவது இருக்கிறாளா? இந்த இதழைக் கீழே வையுங்கள். ஆள் அனுப்பாமல் நீங்களே எழுந்து போய், அவள் பெயரைச் சொல்லி உள்ளே கூப்பிடுங்கள்.