கேட்டுக் கட்டியவர்

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்றது நாலு, தங்கை விட்டுப்போனது இரண்டு. ஆறு பேரையும் சல்லிக் கிராமத்திலிருந்து பட்டணத்துக்கு மீன் சுமந்து விற்று வளர்த்தேன். எழுத்து எனக்குக் கையெழுத்து வைக்கும் அளவுக்குத்தான். பஸ்ஸின் நெற்றியில் உள்ள ஊர்ப்பெயரை வாசிப்பேன், அதுவும் பஸ் நின்றால். ஆகவே நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

போன கிழமை கண் காட்டுவதற்குப் பட்டணம் போனோம். பழைய மீன் சந்தையை இடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பட்டணத்தில் தெருவெல்லாம் திரிகிற மான்கள், உள்ளே படுத்துக் கிடந்தவை, எழும்பி வந்து, குடியெழுப்பப்பட்ட வீட்டுக்காரர் மாதிரித் தெருவோரம் நின்றன. ஓட்டோக்காரத் தம்பி திரும்பிப் பார்த்துச் சொன்னான்: “ஆரையும் கேக்காமல் கட்டினதெல்லோ அம்மா. பிறகெப்பிடி உருப்படும்?”

நான் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கட்டடத்தின் விசயத்தில் நான் வாயை மூடிக்கொண்டது இது மூன்றாம் தரம். இடித்த சுவரின் தூசி மூக்கில் ஏறியது. சுண்ணாம்பு மணம். அதோடு அவர் நினைவில் வந்துவிட்டார்.

அவரைச் சுண்ணாம்பு ஐயா என்போம். அரசாங்கக் கட்டடங்களுக்குப் படம் கீறுகிறவர். சின்ன வயதிலேயே எங்கள் பட்டணத்துக்கு வேலையாகி வந்தவர், மெலிந்த மனிதர். காற்சட்டை முழங்கால்வரை எப்போதும் சுண்ணாம்பு படிந்து வெள்ளையாக இருக்கும். மற்றவர்கள் கடதாசியில் கீறியதை அப்படியே கட்டுவார்கள். இவர் முதலில் முழுக் கட்டடத்தையும், உள்ள அளவிலேயே, நிலத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக் காட்டுவார். பிறகு அதற்குள் புழங்கப்போகிற சனத்தைக் கூப்பிட்டு, “இது வாசல், இது படி. நடந்து பாருங்கோ” என்பார்.

பஸ் நிலைய மண்டபத்துக்குக் கோடு போட்டபோது எங்களைத் தலையில் மீன்கடகக் கூடையோடு நடக்கவிட்டார். நான் ஒரு கோட்டைக் கடந்து போய்விட்டேன். எங்களில் மூத்தவள் சின்னக்கிளி அக்கா கத்தினாள்: “அடியே, சுவருக்குள்ளால போறாய்! செத்துப்போனியோ?” ஐயாவும் சிரித்துவிட்டார். “கடகத்தை இறக்க ஒரு கை பிடிக்க வேணும் ஐயா, தனிய வந்தால் என்ன செய்யிறது?” என்று நான் கேட்டேன். மண்டபம் எழும்பியபோது தலையிலிருந்து கடகத்தை அப்படியே சரித்து வைக்கத் தோள் உயரத்தில் ஒரு திட்டு இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த பெருமையைச் சொல்ல ஏலாது. அதன் பிறகு கிளினிக் கட்டினார், பள்ளிக்கூடம் கட்டினார். எல்லாம் இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான். மீன்காரரின் கதையை அவரிடம் கொண்டுபோகிற ஆள் நான் என்று ஆனது.

பிறகு சந்தைக்கு வந்தார்.

அதுவரை நாங்கள் தெருவோரம் சாக்கு விரித்து நிலத்தில்தான் இருந்தோம். பலகையில் செருகிய அரிவாளைக் காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் மீனைப் பிடித்து அறுப்போம். வாங்குகிறவர்களின் பேச்சு மேலேயிருந்து எங்கள் தலையில் விழும். அந்த நாட்களில்தான் அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம் பார்க்கிற ஒருவரின் மனைவி, செருப்பு நுனியால் என் பாரை மீனைத் தட்டி, “இது எப்ப பிடிச்சது?” என்று கேட்டாள். அது எனக்கு நெஞ்சில் முள்ளாக நின்றது.

ஐயா கல்லை அடுக்கி, “விக்கிற மேடை எவ்வளவு உயரம் வேணும்?” என்று கேட்டார்.

“இன்னும் ரெண்டு கல்லு வையுங்கோ.”

“அரிவாளை எப்பிடி மிதிப்பீங்கள்?”

“அதெல்லாம் பழகுவம் ஐயா. கந்தோரில நிக்கிறவை மாதிரி நாங்களும் நிண்டு விப்பம்.”

அவர் அடுக்கிய கல்லைக் கையால் அளந்து பார்த்தார். “மற்றவையிட்டயும் கேளுங்கோ. வயசான ஆக்களை முதல் கேளுங்கோ.”

இரண்டு நாள் கழித்துக் கேட்டார். “கேட்டனான் ஐயா. எல்லாருக்கும் சம்மதம்” என்றேன்.

நான் ஒருத்தியையும் கேட்கவில்லை. சின்னக்கிளி அக்காவுக்கு முழங்கால் வீக்கம். கேட்டால் ஏலாது என்பாள் என்று தெரியும். தெரிந்தபடியால்தான் கேட்கவில்லை.

சந்தை திறந்தது. மேடை என் நெஞ்சளவு. முதல் நாள் அந்தக் கந்தோர்க்காரரின் மனைவி என் கண்ணை நேரே பார்த்து விலை கேட்டாள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த சந்தோசம். நின்றபடி அரிவாளை மிதித்து அறுக்க ஏலவில்லை. மேடைக்குப் பின்னால் நிலத்தில் குந்தினால் மீனும் தெரியாது, ஆளும் தெரியாது. ஒரு மாதத்துக்குள் எல்லாரும் தெருவோரச் சாக்குக்கே திரும்பினோம்.

மேலிடத்திலிருந்து ஒரு பெரியவர் விசாரிக்க வந்தார். எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். சின்னக்கிளி அக்கா முன்னுக்கு வந்து, “எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை ஐயா” என்றாள். அவள் சொன்னது உண்மை.

பெரியவர் சுண்ணாம்பு ஐயாவிடம் திரும்பி, “கேட்டீரோ, இல்லையோ?” என்றார்.

“கேட்டனான்.”

“ஆரை?”

ஐயா வரிசையைப் பார்த்தார். கண் என்னிடம் வந்தது. நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். பெருவிரல் நகத்தில் செதில் ஒட்டியிருந்தது, அது இன்றைக்கும் தெரிகிறது.

“பிழை என்னிலதான்” என்றார்.

அதன் பிறகு அவருக்குச் சனம் புழங்குகிற கட்டடம் ஒன்றும் கொடுக்கவில்லை. மதிலும் களஞ்சியமும் கீறியே ஓய்வு பெற்றார் என்று கேள்விப்பட்டேன். ஒருமுறை கடற்கரை வீதியில் எதிரே வந்தார். “பிள்ளையள் சுகமோ?” என்று கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். “ஓம் ஐயா” என்றுமட்டும் சொன்னேன்.

அவரும் இல்லை, சின்னக்கிளி அக்காவும் இல்லை. இப்போது புதுக் கட்டடம் வரமுதல் பெரிய பலகையில் வர்ணப் படம் வருகிறது. நிலத்தில் கோடு போடுகிறவர் இல்லை. மீன்காரப் பெண்டுகளைக் கேட்டு என்ன கண்டோம் என்று கந்தோரில் கதைத்தார்களாம். அதன் பிறகு எங்களை ஒருவரும் எதுவும் கேட்டதில்லை.

பிள்ளை, எழுதினதை ஒருக்கா வாசி. அம்மம்மா எண்டு பாத்து எங்கயாவது பூசி மெழுகி எழுதியிருந்தால், அதை வெட்டு.