தில்லைநாதர் மலையைச் சுத்தின காரணம்

வெள்ளவத்தையில எங்கட வீட்டில ஒரு காலம் எத்தினை தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், கிடந்தது எண்டு சொன்னால் நம்பமாட்டியள். பிறிட்ஜுக்குள்ள தேசிக்காய், சாமித் தட்டில தேசிக்காய், கட்டிலுக்குக் கீழ சாக்குக்குள்ள தேசிக்காய். ஊறுகாய் போட்டன், வெயில்ல காயவைச்சன், தலைக்கு வைச்சு முழுகினன், மேல்மாடி கீழ்மாடியெல்லாம் குடுத்தன். கடைசியில சனம் என்னைப் படியில கண்டால் கதவைச் சாத்தத் தொடங்கீற்றுது. எல்லாம் என்ர மனுசன் தில்லைநாதன்ர இடது காலால வந்த வினை.

இவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. தொண்ணூற்றேழில இடது காலில சின்ன விரலை எடுத்தாச்சு. டொக்ரர் முகத்துக்கு நேரயே சொல்லிப்போட்டார். "ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடவுங்கோ. நடக்காட்டில் அடுத்தது பாதம், அதுக்கடுத்தது முழங்கால்."

"எங்க நடக்கிறது, டொக்ரர்?"

"எங்கயாவது நடவுங்கோ."

"எங்கயாவது எண்டு சென்ரியில சொல்லேலாதே" எண்டார் இவர்.

டொக்ரர் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரேல்லை. அந்த நாளையில எங்கட ஒழுங்கை முகப்பில ஆமி ஆக்களை மறிச்சு விசாரிக்கிற ஒரு சென்ரி, காலி வீதியில ஏறினால் இன்னொரு சென்ரி. துவக்கோட நிக்கிறவன் மூண்டே மூண்டு கேள்விதான் கேப்பான். எங்கயிருந்து வாறாய், எங்க போறாய், என்னத்துக்கு. தமிழாக்கள் வாசற்படி இறங்க முதலே மூண்டுக்கும் மறுமொழி பாடமாக்கி வைச்சிருக்கோணும்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, சிவபாலன். தொண்ணூற்றிமூண்டில ஒரு பின்னேரம் தண்டவாளத்துக்கு அங்கால நிண்டு கடலைப் பாத்தவன். என்னத்துக்கு நிக்கிறாய் எண்டு ரோந்து வந்தவங்கள் கேட்டிருக்கிறாங்கள். பத்தொன்பது வயசுப் பெடியன் என்னத்தைச் சொல்லுவான்? ஒண்டுக்குமில்லை எண்டிருக்கிறான். ஒண்டுக்குமில்லாமல் ஆரும் கடலைப் பாப்பாங்களோ எண்டு ஏத்திக்கொண்டு போட்டாங்கள். ஏழு மாசம். எந்தப் பொலிஸில வைச்சிருக்கு எண்டு கண்டுபிடிக்கவே எனக்கு முப்பத்தாறு நாள் எடுத்தது. வெளியில விட்ட கையோட நோர்வேக்குப் போய் மீன் பக்றறியில சேந்தான். நான் சொல்லுற இந்தக் கதை நடக்கேக்க பிள்ளையின்ர முகத்தைப் பாத்து ஐஞ்சு வருசம்.

இவர் புதுக்கடைக் கோட்டடியில லோயரிட்ட இருபத்தொன்பது வருசம் கிளாக்கா இருந்த மனுசன். பிடிபட்ட ஊராற்ற பிள்ளையளுக்கெல்லாம் கோட்டுக்குச் சத்தியக்கடதாசி எழுதிக் குடுத்தவர். அவையள் எல்லாரும் ஏதோ ஒரு காரணத்துக்காக ஏதோ ஒரு இடத்தில நிண்ட பிள்ளையள். சொந்தப் பிள்ளைக்கு எழுதேக்க காரணம் எண்ட இடத்தில பேனை நிண்டிட்டுது. பக்கத்தில நான் தேத்தண்ணியோட நிண்டனான். தேத்தண்ணி ஆறுமட்டும் அந்த இடம் வெறுமையாத்தான் கிடந்தது.

அதுக்குப் பிறகு எங்கட வீட்டில காரணமில்லாமல் ஒரு துரும்பும் அசையாது. பல்கனியில போய் நிக்கிறதெண்டாலும் இவற்ற கையில ஒரு ஈரத்துவாய் இருக்கும், காயப்போடத்தான் வந்தனான் எண்டு சொல்ல. அந்தத் துவாய் தண்ணி கண்டு கண்டே கிழிஞ்சு போச்சு.

இந்த மனுசனை நட எண்டால்? மூண்டு நாள் யோசிச்சிட்டுக் கண்டுபிடிச்சார். அரை மைல் தள்ளியிருக்கிற ஒரு மரக்கறிக்கடைக்குப் போறது, ஒரே ஒரு தேசிக்காய் வாங்கிறது. போகேக்க "தேசிக்காய் வாங்கப் போறன்." வரேக்க தேசிக்காய் கையில, சாட்சிக்கு. பின்னேரம் திருப்பியும் ஒண்டு. சென்ரிக்காறர் இவருக்கு "தெஹி மாத்தயா" எண்டு பேர் வைச்சாங்கள், தேசிக்காய் ஐயா எண்டு. காலும் கொஞ்சம் தேறி வந்தது.

போன சனியன் பிடரியைப் பிடிச்ச மாதிரிப் புதுசா ஒருத்தன் சென்ரிக்கு வந்தான். "நாளுக்கு ரெண்டு தேசிக்காய் வாங்கிறியே, உதுகளை வைச்சு வீட்டில என்ன செய்யிறாய்?" எண்டு கேட்டிட்டான். அவ்வளவுதான். இவர் வீட்டுக்குள்ள பூந்தவர் பூந்தவர்தான். நாலு கிழமை வெளியில இறங்கேல்லை. கால் வீங்கி, விரல் எடுத்த இடம் கறுக்கத் தொடங்கீற்றுது. நான் கத்தினன், அழுதன், சாப்பாடு வைக்கமாட்டன் எண்டன். "காலைக் கழட்டிக் குடுத்தாலும் குடுப்பன், நாகேஸ், மறுமொழி இல்லாமல் றோட்டில நிக்கமாட்டன்" எண்டு சொல்லிப்போட்டார்.

கீழ் வீட்டு மர்ஸூக் நானாதான் வழி சொன்னார். புறக்கோட்டையில புடவைக்கடை, சொந்தமா வான். அவற்ற மனுசி லுத்பியாவுக்கு மாத்தளைப் பக்கம் ஊர். நானாவின்ர கதையில 'இருக்கு' எண்டது 'ஈக்கி' எண்டுதான் வரும். "அக்கா, அங்க மலையில காட்டுக்குள்ள ஒரு பாதை போட்டீக்கி. வட்டமாப் போய் அதே கேட்டுக்கே வந்துருவீங்க. ஒரு மைல் கூட இல்ல. யாரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க, கொரங்கு மட்டும்தான் ஈக்கி. ஐயாவ நான் கொண்டு போறன்."

இவர் வெளிக்கிட்ட கோலத்தைப் பாத்திருக்கோணும். ஐடென்ரிற்றி காட், பொலிஸ் பதிவு, லோயரின்ர கடிதம், டொக்ரரின்ர துண்டு, போதாக்குறைக்கு லுத்பியாவின்ர தங்கச்சியின்ர கலியாணக் காட். அது மூண்டு வருசத்துக்கு முந்தின காட். "சுணங்கிப் போறம் எண்டு சொல்லலாம்" எண்டார். விடியக் காலமை வெளிக்கிட்டு, வழியில எட்டுச் சென்ரியில இறங்கி ஏறி, பதினொரு மணிக்கு மலையடிக்குப் போய்ச் சேந்தம்.

கேற்றில ஒரு காவல்காரன், ஒரு கொப்பி. பேர், இலக்கம், எங்கயிருந்து, எங்க. இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வடிவா எழுதினார். எங்கயிருந்து: கேற். எங்க: கேற். எழுதினதைத் திருப்பி வாசிச்சார். பேனையை வைச்சிட்டார்.

"தம்பி, தொடங்கிற இடமும் முடியிற இடமும் ஒண்டெண்டால் இது போறதில சேத்தியோ?" எண்டு சிங்களத்தில கேட்டார். இவற்ற சிங்களம் புதுக்கடைச் சிங்களம், நீதவானுக்கு முன்னால நிண்டு கதைக்கிற மாதிரி இருக்கும்.

காவல்காரன் நல்லா யோசிச்சான். "அப்பிடிப் பாத்தால் மாத்தயா வந்து சேந்திட்டார். இனிப் போகத் தேவையில்லை."

இவருக்கு அது சரியான நியாயமாப் பட்டிட்டுது. தலையை ஆட்டிக்கொண்டு வானுக்குத் திரும்பினார். நான் விட்டனோ! சேட்டுக் கொலரில பிடிச்சு இழுத்தன்.

"விடுமப்பா, காரணமில்லாமல் உள்ளுக்குப் போகேலாது."

"கால் அழுகப் போகுது, அது காரணமில்லையோ?"

"அது நடக்கிறதுக்குக் காரணம். இஞ்ச நடக்கிறதுக்கு என்ன காரணம்?"

ஐயோ, லோயரிட்ட வேலை செய்தவனைக் கட்டக்கூடாது கண்டியளோ. பேந்து கொஞ்ச நேரத்தில முகம் தெளிஞ்சுது. தன்ர குடையை மர்ஸூக் நானாவிட்டக் குடுத்தார். "நானா, இதைப் பிடிச்சுக்கொண்டு இந்தக் கேற்றிலயே இருங்கோ. ஆரும் கேட்டால் குடை எடுக்கப் போறன் எண்டு சொல்லுவன்."

"இப்பவே எடுங்கோவன் ஐயா, கையிலதானே ஈக்கி."

"இப்ப எடுத்தால் எனக்குப் போறதுக்கு என்ன மிஞ்சும்?"

மர்ஸூக் நானா என்னைப் பாத்தார். நான் வானத்தைப் பாத்தன். அவர் பாவம், குடையை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு கல்லில இருந்தார்.

காடெண்டால் காடு. கித்துள், காட்டுக் கறுவா, பேர் தெரியாத பெரிய மரங்கள், மரமெல்லாம் பச்சைப் பாசி. வெயில் விழாத ஈரம். ரெண்டு வளைவு போக முதல் அட்டை ஏறீற்றுது. நான் தேசிக்காய் பத்துக் கொண்டு வந்தனான், வெட்டிக் காலில தேய்ச்சு விட்டன். அட்டை சுருண்டு விழுந்துது. "பாத்தீரோ, நான் வாங்கினது வீண்போகேல்லை" எண்டு இவருக்கு ஒரு பெருமை.

மரங்களில தகரத் துண்டு அடிச்சு பேர் எழுதியிருந்தது, கீழ ஒரு நம்பர். இவர் ஒவ்வொண்டாய் நிண்டு வாசிச்சார். "இஞ்ச மரங்களும் பதிஞ்சிருக்கு, நாகேஸ்" எண்டு சொல்லி மூச்சு விட்டார். அதுக்குப் பிறகு நடை கொஞ்சம் இளகிச்சுது. மனுசன் கையை வீசி நடக்கிறதை எத்தினையோ வருசத்துக்குப் பிறகு கண்டன். பின்னால நிண்டு எனக்குக் கும்பிடவேணும் போல இருந்தது.

சரியா அரைவாசித் தூரம் வந்திருப்பம். வளைவில மண்மூட்டை, தகரக் கொட்டில், மேல ஒரு அன்ரனாக் கோபுரம். கொட்டில் வாசல்ல ஒரு ஆமிக்காறன் அடுப்பில கேத்தில் வைச்சுக்கொண்டு இருந்தான். ஐம்பது வயசு வரும், வயிறு வைச்ச மனுசன். சட்டையில சிறில் எண்டு பேர். எங்களைக் கண்டதும் துவக்கை எடுத்துக்கொண்டு எழும்பினான்.

"கொஹெ இந்தலாத? எங்கயிருந்து?"

"கேற்றிலயிருந்து" எண்டார் இவர்.

"கொஹாட்டத? எங்க?"

"கேற்றுக்கு."

சிறில் வந்த பக்கத்தைக் காட்டினான். "கேற் அங்க."

"இஞ்சாலயும் கேற்தான்."

"ரெண்டு கேற்றோ?"

"ஒரு கேற்."

"என்னத்துக்கு?"

"குடை எடுக்க."

"குடையை ஏன் அங்க விட்டனி?"

"எடுக்கிறதுக்காக."

சிறில் தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சான். ஒரு கொப்பியை எடுத்தான். அதிலயும் எங்கயிருந்து, எங்க எண்டு ரெண்டு கோடு. ரெண்டிலயும் ஒரே பேரை எழுதினால் தன்ர மேலதிகாரி தன்னைக் குடிச்சிட்டு எழுதினதெண்டு சொல்லுவார் எண்டான். வயர்லெஸ்ஸில கூப்பிட்டுக் கேட்டான். கரகர எண்டு மறுமொழி வந்தது. வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பு.

சிறில் அந்தப் பக்கம் பாத்தான். இந்தப் பக்கம் பாத்தான். இவர் இப்ப பயந்து விழப்போறார், திரும்பிக் கொழும்புக்குப் போய்க் கதவைச் சாத்தப்போறார், கால் போகப்போகுது எண்டுதான் நினைச்சன்.

இவர் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டார். நெஞ்சை நிமித்தினார். "கோப்ரல் மாத்தயா, கட்டளையை வடிவாக் கவனியுங்கோ. வந்த இடத்துக்கே அனுப்பச் சொல்லியிருக்கு. வந்த வழியால அனுப்பச் சொல்லேல்லை. நாங்கள் இப்பிடி முன்னுக்குப் போனாலும் வந்த இடத்துக்குத்தான் போய்ச் சேருவம். கட்டளை நிறைவேறும்."

என்ர கடவுளே! இருபத்தொன்பது வருசப் புதுக்கடை ஒரு நாளைக்கு உதவிச்சுது.

சிறில் விரலால காத்தில ஒரு வட்டம் கீறிப் பாத்தான். "ஹரி, சரி. ஆனால் தனிய விடேலாது" எண்டு அடுப்பை நூத்துப்போட்டுத் துவக்கோட முன்னுக்கு நடந்தான். ரெண்டு வருசமா இந்த மலையில இருக்கிறானாம், ஒரு பக்கத்தால ஏறி அதே பக்கத்தாலதான் இறங்கிறவனாம், மற்றப் பக்கத்தை அண்டைக்குத்தான் காணுறானாம். நீர்வீழ்ச்சி ஒண்டைக் கண்டிட்டு, "அனே, இது இவ்வளவு நாளும் இஞ்சயோ இருந்தது!" எண்டு எங்களிட்டக் கேட்டான்.

கேற்றில மர்ஸூக் நானா எங்களைப் பாத்தார். முன்னுக்குத் துவக்கு, பின்னுக்கு நாங்கள் ரெண்டு பேர். விரிச்ச குடையோட ரெண்டு கையையும் மேல தூக்கினார். "அல்லாஹ்வே! எனக்கு ஒண்டும் தெரியா, சேர். இது ஐயாட குடை. அவர்தான் புடிச்சிக்கிட்டு ஈக்கச் சொன்ன!" காவல்காரன் நிலத்தில குந்தியிருந்து சிரிச்சான். விளங்கப்படுத்தி முடிக்கக் கால் மணித்தியாலம் போச்சு. எல்லாரும் பிளேன்ரீ குடிச்சம். சிறில் புதுப் பக்கத்தால ஏறிப் போனான்.

நான் பிளாஸ்க்கை மூடிப்போட்டுத் திரும்பினால் இவரைக் காணேல்லை. "மாத்தயா திருப்பியும் உள்ளுக்குப் போறார்" எண்டு காவல்காரன் காட்டினான். கொப்பியில எழுதவுமில்லை, ஆருக்கும் சொல்லவுமில்லை. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லேலாது. போகட்டும், நூறு தரம் சுத்தட்டும் எண்டு இருந்தன்.

அரை மணித்தியாலத்தில வந்திருக்கோணும். முக்கால் ஆச்சு. ஒரு மணித்தியாலம் ஆச்சு. கொழும்பில ஒவ்வொரு பொலிஸ் வாசலா நிண்டு பிள்ளையின்ர பேரைச் சொன்ன அந்த முப்பத்தாறு நாளும் நெஞ்சுக்குள்ள ஏறிவந்து நிண்டுது. நான் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முடியிற பக்கத்தால உள்ளுக்கு ஓடினன்.

நீர்வீழ்ச்சிக்குக் கிட்ட, விழுந்து கிடந்த ஒரு மரத்தில இருந்தார். சப்பாத்தைக் கழட்டி வைச்சிட்டு, அந்த நாலு விரல் காலை நீட்டிக்கொண்டு, தண்ணியைப் பாத்துக்கொண்டு இருந்தார். எனக்கு விசர் வந்திட்டுது.

"இஞ்ச என்னத்துக்கு இருக்கிறியள்?" எண்டு கத்தினன். "இவ்வளவு நேரமா என்ன செய்தனீங்கள்? ஏன் இருக்கிறியள் இஞ்ச? சொல்லுங்கோ!"

இவர் நிமிந்து பாத்தார். கோபிக்கேல்லை.

"பிள்ளையை வெளியில விட்ட அண்டைக்கு, நாகேஸ், நீர் ஓட்டோ பிடிக்கப் போட்டீர். அவன் வாசலால வந்து என்ர கையைப் பிடிச்சான். ஏழு மாசத்துக்குப் பிறகு. நானும் முதல் அதைத்தான் கேட்டனான். என்னத்துக்கடா அங்க நிண்டனி எண்டு. அவன் கையை விட்டிட்டான்."

ஐஞ்சு வருசமா இந்த மனுசன் இதை எனக்குச் சொல்லேல்லை. அழுகை வந்தது, அழுதன். இவர் கொஞ்சம் அரங்கி எனக்கு இடம் விட்டார். பக்கத்தில இருந்தன். கீழ மர்ஸூக் நானா ஹோன் அடிச்சுக்கொண்டே இருந்தார். நாங்கள் எழும்பேல்லை.